13 அடி மதிலும் 500 ரூபாய்ச் சாவியும்

2018 மார்ச்சில், உச்ச நீதிமன்றத்தில் அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் ஒரு கோட்டை கட்டினார். ஆதார் தகவல்கள் 13 அடி உயரமும் 5 அடி கனமும் உள்ள சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன என்றார். அகழியையும் முதலையையும் ஏன் விட்டுவிட்டாரோ! அதே வாரம் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரி வந்தார். எங்கள் பூட்டை உடைக்கப் பிரபஞ்சத்தின் வயதே போதாது என்று கணக்குச் சொன்னார்.

பிரபஞ்சம் எதற்கு? பத்து நிமிடம் போதும் என்று அந்த ஜனவரியிலேயே தெரிந்துவிட்டதே.

'தி டிரிப்யூன்' செய்தியாளர் ரச்னா கைரா, வாட்ஸ்அப்பில் வியாபாரம் நடத்திய ஒரு தரகருக்கு பேடிஎம் வழியாக 500 ரூபாய் அனுப்பினார். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்து விழுந்தன. எந்த ஆதார் எண்ணைத் தட்டினாலும் பெயர், முகவரி, படம், போன் நம்பர். மேலும் 300 ரூபாய் தந்தால் அட்டையை அச்சடித்துக்கொள்ள மென்பொருள். மதில் ஏறத் தேவையே இல்லை, வாசலில் சாவி போட்டுத் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக உள்ளே போகலாம். 100 கோடிப் பேருக்கு 500 ரூபாய் என்றால் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தேன், பைசாவில்கூட வரவில்லை. காய்கறிக் கடையில் கொசுறாகப் போடும் கறிவேப்பிலைக்கு நம்மைவிட விலை அதிகம்.

ஆணையம் என்ன சொன்னது? மீறலே நடக்கவில்லை, கைரேகையும் கருவிழியும் பத்திரம், மக்கள் குறைதீர்க்க அதிகாரிகளுக்குத் தந்த தேடும் வசதியைத்தான் யாரோ தவறாகப் பயன்படுத்திவிட்டார்கள் என்றது. சொல்லிவிட்டு டெல்லி காவல்துறைக்குப் போனது. முதல் தகவல் அறிக்கையில் செய்தியாளரின் பெயரும் ஏறியது. பிரிவுகளில் ஒன்று 420! நம்மூரில் ஒருவனைத் திட்ட அந்த எண் ஒன்றே போதும். அதைச் சாவி விற்பதை ஊருக்குச் சொன்ன பெண்ணின் பெயரோடு ஒட்டினார்கள். நாடே கொதித்ததும் அமைச்சர் ரவிசங்கர் பிரசாத், வழக்கு அடையாளம் தெரியாதவர்கள் மீதுதான் என்று விளக்கினார். பெயர் போட்டு எழுதிய அடையாளம் தெரியாதவர்!

சரி, தகவலைப் பறிகொடுத்த நாம் அப்போது வழக்குப் போடலாமா? கூடாது. ஆதார் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி ஆணையம் புகார் தந்தால்தான் நீதிமன்றம் வழக்கையே எடுக்கும்; 2019இல் சட்டத்தைத் திருத்தும்வரை இதுதான் நிலைமையாக இருந்தது. பிள்ளையைத் தொலைத்த ஆயாதான் அழலாம், பெற்றவள் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

அந்த நாட்களில் ஜார்க்கண்டிலும் ராஜஸ்தானிலும், மண் சுமந்து ரேகை தேய்ந்த கட்டைவிரல்களை ரேஷன் கடை இயந்திரங்கள் 'நீ நீ இல்லை' என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. காலிப் பையோடு வீடு திரும்பிய கிழவிகளுக்கு அந்தத் தரகரின் நம்பரை யாரும் தரவில்லை.