மொட்டைக் கோபுரமும் பழைய புல்லட்டும்

கேள்வி: தாத்தா ஓட்டிய 1972 மாடல் புல்லட்டை வீட்டிலேயே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் புதுசாக்க ஆசை. முதல் முயற்சி. எங்கே தொடங்கலாம்?
– வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: பிரிக்காமல் தொடங்குங்கள். உங்கள் ஊர் ராஜகோபுரம் சில நூற்றாண்டுகள் மொட்டையாக நின்று, 1987இல்தான் 236 அடிக்கு எழுந்தது. கோபுரத்துக்கு அந்தப் பொறுமை உண்டு, வீட்டில் உள்ளவர்களுக்குக் கிடையாது. முதலில் வண்டி உறுமட்டும், அழகு பிறகு. பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, அதன்பின் கிக்கரை மெதுவாக அழுத்திப் பாருங்கள். இறுகியிருந்தால் மிதிக்காதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அசைந்தால் டாங்க் துரு, கார்புரேட்டர், பாயிண்ட் என்று ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்யலாம். ஒற்றை சிலிண்டர், 346 சிசி. ஒளித்துவைக்க அதில் பெரிய ரகசியம் இல்லை. அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் இந்த நூற்றாண்டிலும் சில ஆண்டுகள் தயாரானதால் உதிரிபாகத்துக்கும் பஞ்சமில்லை.

‘பெயின்ட் அடித்தால்தானே உற்சாகம் வரும்?’ என்பீர்கள். வரும், எஞ்சினைக் கழற்றும்போது அந்தப் பெயின்டே கீறியும் போகும். தவிர, ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி ‘விண்டேஜ்’ பதிவு வேண்டுமென்றால் அசல் உருவம் மாறியிருக்கக் கூடாது. அலாய் வீல் ஆசையை அடக்குங்கள். ஆர்.சி. புத்தகத்தை இன்றே தேடுங்கள். புதிதாக விண்டேஜ் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கட்டிய பிறகும் அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை. காந்தி மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்க ஸ்கூட்டியில்தான் போகவேண்டும்.