சிறையிலும் குடித்தனம்

கேள்வி: நன்றியுணர்வு, தெய்வபக்தி, குடும்பப் பாசம் எல்லாம் வசதி படைத்தவர்களுக்குத்தானே சாத்தியம்? (ஒரு வாசகி, அலிப்பூர், கல்கத்தா)

பதில்: இந்தக் கேள்விக்கு உத்தரம் உங்கள் பேட்டையிலேயே இருக்கிறது, அம்மணி, ஆனால் மாளிகையில் அல்ல, சிறைச்சாலையில்! 1908 மே மாதத்தில் அலிப்பூர் சிறையின் 9 அடி நீளமும் ஐந்தாறு அடி அகலமுமான கொட்டடியில், வழக்கொன்றில் கைதாகி அடைபட்ட ஸ்ரீ அரவிந்தர், குளிக்க, வாய் கொப்பளிக்க, பருப்பு உண்ண, தண்ணீர் குடிக்க என்று சகலத்துக்கும் தமக்குக் கிடைத்த ஒரே கிண்ணத்தை, சாதி பேதம் பாராத உத்தமப் பண்டமென்று பின்னாளில் தமது வங்காளி நூலான 'காராகாஹினி'யில் வாயாரப் புகழ்ந்தார். எதிரே நாள்தோறும் கடந்து போன ஒரு பசுவும் அதை மேய்ப்பவனும் அவருக்குப் பிரியமான தரிசனமாயின. சிற்றன்னையின் கணவர் கிருஷ்ணகுமார் மித்ரர் வீட்டிலிருந்து கீதையும் உபநிஷதமும் வந்தன. தங்கை சரோஜினி, அண்ணனுடைய வழக்குச் செலவுக்காக, கூச்சத்தைத் துறந்து தேசத்தாரிடம் பகிரங்கமாகக் கையேந்தினார். சித்தரஞ்சன் தாஸ் வாதாட, 1909 மே 6-ஆம் தேதி அரவிந்தர் விடுதலையானார். மறு ஆண்டு நம் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார்.

கிண்ணத்தைப் புகழ்ந்தவருக்கு நிகராக அந்தத் தங்கையையும் நான் வணங்குகிறேன். உங்களுக்கும் அப்படியொரு உடன்பிறப்பு இருந்தால், இன்றே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.