இரங்கல் கழித்த நெய்தல்: குறிஞ்சிப்பிட்டியார் அலைக்குளம் தேடிப் போவது பற்றிய ஓர் ஆய்வு

கற்பிட்டிக் குடாநாட்டில் மேற்கே நடந்தால் கடல் வரும், கிழக்கே நடந்தால் புத்தளம் களப்பு வரும். இரண்டுக்கும் நடுவே மணல்மேல் இருக்கிறது குறிஞ்சிப்பிட்டி. இந்த ஊர்க் குடும்பமொன்று பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு ஞாயிறு விடியுமுன் வேனில் கிளம்புகிறது. பாலாவியில் திரும்பி, சிலாபமும் நீர்கொழும்பும் தாண்டி, 150 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடி, கொழும்புப் பக்கத்து நீர்ப்பூங்கா ஒன்றின் வாசலில் தலைக்கு இவ்வளவு என்று காசு கட்டி உள்ளே நுழைந்து, கடைசியில் தண்ணீரில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரில் அலை வேறு அடிக்கிறது. மோட்டார் போட்டு அடிக்கிற அலை. மோட்டாருக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்தில் பிறப்பது. அந்த நிலையமோ இதே குடாநாட்டின் கடல்நீரை இழுத்துத்தான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆக, ஊர்க் கடல் கைகொடுத்து உண்டான மின்சாரம் கம்பி வழியே கொழும்புக்குப் போய் அலையாக மாறுகிறது, அதில் நனைய ஊர்க்காரர் வேன் பிடித்துப் பின்னாலேயே போகிறார். கணக்குப் படித்தவர் இதைப் பைத்தியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். அவ்வளவு சுலபமாக முடிக்கக்கூடிய விஷயமாக இது தெரியவில்லை.

ஏன் போகிறார் என்பதற்கு விடை தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது. தொல்காப்பிய மரபு ஐந்து நிலங்களுக்கும் ஆளுக்கோர் உரிப்பொருளைப் பங்கு வைத்தபோது, கடலும் கடல் சார்ந்த இடமுமான நெய்தலுக்கு வந்த பங்கு இரங்கல். மலைக்குப் புணர்தல், காட்டுக்கு இருத்தல், வயலுக்கு ஊடல் என்று மற்றவர்களுக்கு ஏதோ ஒன்று தேறியது. கடற்கரைக்காரருக்கு மட்டும் கரையில் நின்று கலங்குவதை எழுதி வைத்துவிட்டார்கள். (மணல்மேட்டு ஊருக்குக் குறிஞ்சி என்று பெயர் வாய்த்தது அந்தப் பங்கீட்டை எதிர்த்துப் போட்ட மனுவோ என்று சில வேளை தோன்றும்.) நெய்தலில் தண்ணீர் தொழிலிடம். வாப்பா போன போட் திரும்பவில்லை என்றால் அது தண்ணீரைப் பற்றிய செய்தி. வலை கிழிந்தாலும், எஞ்சின் நின்றாலும், காற்று திசை மாறினாலும் அப்படியே. இந்த ஆய்வின் கருதுகோள் இதுதான்: நீர்ப்பூங்கா விற்கும் சரக்கு, இரங்கல் கழித்த நெய்தல். அலை இருக்கும், அலை ஆளைக் கொண்டுபோகாது. ஆழம் எவ்வளவு என்பதைச் சுவரில் எழுதி வைத்திருப்பார்கள். சொறிமீன் கடிக்காது, நீரோட்டம் இழுக்காது, சங்கு ஊதினால் அலை அடங்கும். எந்தக் கடல் சங்குக்கு அடங்கியிருக்கிறது? எல்லாவற்றுக்கும் மேலாக மணல் இல்லை. சோற்றிலும் பாயிலும் குழந்தையின் காதுமடலிலும் ஆண்டு முழுக்க மணலோடு மல்லுக்கட்டும் ஒரு தாய்க்கு, நீல ஓடு பதித்த தரையைவிடப் பெரிய விளம்பரம் தேவையில்லை.

‘கடல் இல்லாதவனுக்குத்தானே அலைக்குளம்?’ என்பது முதல் ஆட்சேபம். சரித்திரம் முதலில் ஆட்சேபக்காரர் பக்கமே பேசுகிறது. கடலில்லா நாடாகிப்போன ஹங்கேரியில், புடாபெஸ்ட்டின் கெல்லெர்ட் குளியல்மனையில், 1927 இல் அலை இயந்திரம் வைத்தார்கள். அது நியாயமான ஏக்கம். ஆனால் 1993 இல் யப்பானின் மியசாக்கியில் திறந்த ‘ஓஷன் டோம்’ அந்த நியாயத்தைக் கவிழ்த்துவிட்டது. திறந்து மூடும் கூரை, அதற்குக் கீழே செயற்கைக் கடற்கரை, 28 பாகை சூட்டில் தண்ணீர். வெளியே சில நூறு மீற்றரில் பசிபிக் சமுத்திரம் சும்மா கிடந்தது. சமுத்திரத்தை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுச் சனம் கூரைக்கடியில் நீந்தியது. ‘அது 2007 இல் மூடப்பட்டதே?’ என்று மடக்கலாம். மூடியது உண்மை. அதை நடத்திய நிறுவனம் 2001 இலேயே கடனில் மூழ்கியிருந்தது. கடை நொடித்ததை வைத்துப் பசி பொய் என்று தீர்ப்பெழுத முடியாது.

இதைவிடக் கிட்டத்துச் சான்று கற்பிட்டியிலேயே உண்டு. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்கும், போட்டுகள் தயங்கும், வாடிகளில் கை சும்மாயிருக்கும். இதே காற்றுக்காக ஐரோப்பாவிலிருந்து விமானம் ஏறி வந்து, களப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு பலகையில் சறுக்குகிறார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கியதும் டொல்பின் பார்க்க வேறு கூட்டம் வருகிறது. மீன் ஏற்றும் அதே ஃபைபர் போட், அதே எஞ்சின், மேலதிகமாக ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மிதவை அங்கி, அவ்வளவுதான். அவர்களும் இரங்கல் கழித்த நெய்தலைத்தான் வாங்குகிறார்கள், ஏனென்றால் அந்தக் கடலில் அவர்களுடைய வாப்பா யாரும் இல்லை. ஜெர்மன்காரர் குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் வருவதும் குறிஞ்சிப்பிட்டிக்காரர் கொழும்புப் பக்கம் போவதும் ஒரே பயணத்தின் இரண்டு திசைகள். முன்னவரைச் சுற்றுலாப் பயணி என்று மாலை போட்டு வரவேற்றுவிட்டு, பின்னவரை வீண்செலவுக்காரர் என்று ஏசுவது என்ன நீதி?

இரண்டாவது ஆட்சேபம், பிள்ளைகள் கேட்பது ராட்டினத்தையும் சறுக்கையும் தானே, தண்ணீரை எங்கே கேட்டார்கள் என்பது. ராட்டினம் தின்று தீர்க்கும் நேரம் மூன்று நிமிடம். அதையும் உற்றுப் பார்த்தால் பாதி காய்ந்துபோன கடல்தான். கப்பல் ஊஞ்சல் என்பது எங்கும் போகாத கப்பல். மேலே ஏறி, ஒரு கணம் தொங்கி, வயிற்றைக் கவ்வி இறங்கும், உள்ளிருப்போர் அலறுவார்கள். கண்டக்குளிப் பக்கத்தில் விடியற்காலையில் கரையை உடைத்துக்கொண்டு புறப்படும் போட்டும் இதே ஆட்டத்தை இதைவிட மோசமாக ஆடும். அங்கே அலற யாருக்கும் கை ஒழியாது. அலறுவதற்கு ஓய்வு வேண்டும், அந்த ஓய்வுக்குத்தான் டிக்கட். அந்த ஓய்வுக்கு வேலியும் வேண்டும்: 1955 இல் அமெரிக்காவில் டிஸ்னிலாண்ட் கட்டியபோது, வெளியுலகம் கண்ணில் படாதிருக்கச் சுற்றிவர மண்மேடு எழுப்பினார்கள். மண்மேட்டுக்கு நம் பக்கத்துப் பெயர் பிட்டி. அந்த வகையில் அதுவும் நமக்குத் தூரத்துச் சொந்தம்.

இதுவரை கருதுகோள் உடையாமல் வந்துவிட்டது. ஆனால் நேர்மையான ஆய்வு தனக்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. அந்தச் சான்று அலைக்குளத்தின் விளிம்பில், நிழல் விழாத ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறது. கழுத்தில் இரண்டு துவாய். மடியில் நான்கு கைபேசி. காலடியில் ஆறு சோடிச் செருப்பு, மிச்சமான சாப்பாட்டுப் பார்சல், வழியில் வாந்தி எடுத்த சின்னவனின் சட்டை முடிந்த சொப்பிங் பேக். கண் மட்டும் தண்ணீரை விட்டு நகராது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவது எங்கே? அலை அடங்கும் வரை எண்ணிக்கை தப்பும். அடங்கியதும் நாலாவது தலை வேறொரு குடும்பத்தின் நடுவில் முளைக்கும். கரையில் ஒருத்தி, தண்ணீரில் அவளுடையவர்கள், திரும்பி வருவார்களா என்ற கலக்கம்: நெய்தலுக்கு இலக்கணம் கேட்டது இவ்வளவுதான். இரங்கலைக் கழித்துத் தருவதாக வாசலில் காசு வாங்கியவர்கள், கழித்ததை எங்கே கொட்டுகிறார்கள் என்பது இப்போது தெரிகிறது.

‘அப்படியானால் பெற்றோருக்கு என்ன இலாபம், ஊரிலேயே இருந்திருக்கலாமே?’ என்பது கடைசி ஆட்சேபம். இலாபம் உண்டு, ஆனால் சிறியது. ஊர்க் கடலில் இரங்கலுக்குத் தவணை கிடையாது. இங்கே பூங்கா மூடும் நேரம் பலகையில் எழுதியிருக்கிறது. நெய்தலுக்கு இலக்கணம் ஒதுக்கிய சிறுபொழுது எற்பாடு, சூரியன் சாயும் வேளை. சரியாக அந்த வேளைக்குக் காவலாளி விசில் ஊத, விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போய், குளோரின் வாடையோடு நாலு தலையும் கரையேறும். வேனுக்குள் ஒரு முறை எண்ணி, சிலாபத்தில் தேநீருக்கு நிறுத்தும்போது இன்னொரு முறை எண்ணி, பாலாவி திரும்புவதற்குள் எண்ணுகிறவரும் தூங்கிவிடுவார். ஈரத் துவாயெல்லாம் மறுநாள் வேலியில் கடற்காற்றுக்குக் காயும், இலவசமாக.