சோணை பேணல்: முதுமையில் காதின் அடிப்பகுதி குறித்த ஒரு முன்னாய்வு

காதுச் சோணை எனப்படுவது, காது மடலின் கீழ் விளிம்பில் குருத்தெலும்பின் துணையின்றித் தொங்கும் மென்பகுதியாகும். கேட்டல் என்னும் தொழிலில் இதற்குச் சொல்லத்தக்க பங்கு எதுவும் இல்லை. ஆயினும் தமிழ்ச் சமூகம் இதன்மீது ஏற்றிவைத்த தங்கத்தின் அளவை நோக்கினால், கேட்பதற்குரிய செவித்துளையே இதன் துணை உறுப்போ என்று ஐயுற இடமுண்டு. முதுமைக்காலச் சரும நலம் பற்றி எழுதப்படும் குறிப்புகள் நெற்றிச் சுருக்கத்தில் தொடங்கிக் குதிகால் வெடிப்பில் முடிகின்றனவே அன்றி, வழியில் காதைக் கடக்கும்போது அவை வாய் திறப்பதில்லை. சோணைக்குத் தங்கம் இட்ட கைகள் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் இட்டதில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். அதை நிறுவுவதற்கான சான்றுகள் எந்தத் திருமண மண்டபத்திலும் முன்வரிசை நாற்காலிகளில் அமர்ந்திருக்கின்றன.

உடற்கூற்று நோக்கில், மடலின் மேற்பகுதிக்கு மடக்கினாலும் நிமிரும் குருத்தெலும்பு வாய்த்திருக்க, சோணைக்கோ தோலும் கொழுப்பும் நார்த்திசுவுமே வாய்த்தன. குருதிக்கு மட்டும் குறைவில்லை. குருதி வடிவது நிற்க எவ்வளவு நேரமாகும் என்பதை அறிய, 1910இல் டியூக் என்னும் அமெரிக்க மருத்துவர் சோணையில் சிறு கீறலிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வடிதாளால் ஒற்றிப் பார்க்கும் முறையை வகுத்தார். சோணையின் சட்டகமின்மையை இளமையில் இரு புரதங்கள் மறைத்துவைக்கின்றன: தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் ஒன்று, இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு மீளச்செய்யும் எலாஸ்டின் மற்றொன்று. வயது ஏறஏற இவ்விரண்டும் தளர்வதாலும், உள்ளிருக்கும் கொழுப்பு வற்றுவதாலும், வெயிலின் புற ஊதாக் கதிர்கள் ஆண்டுக்கணக்கில் தம் பங்கைச் செய்து முடிப்பதாலும் சோணை மெலிந்து, சுருங்கி, அதே வேளையில் நீளவும் செய்கிறது. சுருங்குவதும் நீள்வதும் ஒரே இடத்தில் ஒருங்கே நிகழ்வதைத் தருக்க நூலார் ஏற்க மாட்டார்கள். எழுபது வயதுக் காதுகளைப் பார்த்தவர்கள் ஏற்பார்கள்.

இந்நீட்சியை அளந்து காட்டியவர் ஜேம்ஸ் ஹீத்கோட் என்னும் பிரிட்டன் நாட்டுப் பொது மருத்துவர். 30 வயதும் அதற்கு மேலுமான 206 நோயாளிகளின் காதுகளை அளவுகோல் கொண்டு அளந்து, காது ஆண்டுக்குச் சராசரியாக 0.22 மில்லிமீட்டர் வளர்கிறது என்ற முடிவை அவர் 1995இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். முதலில் சிரிக்கவும் பின்பு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2017இல் அவருக்குக் கிடைத்தது. அவர் அளந்தது சோணையை மட்டுமன்று, முழுக் காதையும் என்பதை நினைவிற் கொண்டு ஒரு கணக்கிட்டுப் பார்க்கலாம். காதின் அடிக்கும் தோளுக்கும் இடைவெளி 15 சென்டிமீட்டர் என்று கொண்டால், இயற்கையின் போக்கிலேயே விடப்பட்ட காது தோளைத் தொட ஏறத்தாழ 680 ஆண்டுகள் ஆகும்.

இதே பணியைத் தமிழகத்தின் தென்மாவட்டங்கள் ஒரு பெண்ணின் சிறுபருவத்துக்குள்ளேயே செய்து முடித்தன. குழந்தையாக இருக்கையிலேயே காதைக் குத்தி, துளையில் பஞ்சுத் திரியையும் பின்னர்ப் பனையோலைச் சுருளையும் செருகி, அது இடங்கொடுத்த பிறகு குணுக்கு எனப்படும் ஈய வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டி, சோணையைத் தோல்வளையமாக்கித் தொங்கவிடுவது அங்கு வழக்கமாக இருந்தது. அவ்வளையத்தில் பின்னாளில் தண்டட்டியோ பாம்படமோ ஏறிற்று. உருண்டையும் சதுரமும் தகடுமாக வடிவக் கணிதப் பாடநூலைக் காதில் மாட்டியதுபோல் தோன்றும் பாம்படம், உள்ளே அரக்கை அடைத்து மேலே தங்கத் தகடு போர்த்தப்பட்டது. அதன் தோற்றப் பருமனுக்கும் நிறைக்கும் உள்ள வேறுபாட்டை அடகுக் கடைக்காரர்களே முதலில் கண்டறிந்திருப்பர். பின்பு காலம் மாறி, சிறு கம்மல் நாகரிகமானபோது, வளர்த்த காதை வெட்டித் தைத்துக்கொண்ட பெண்கள் பலர். வளர்ப்பதற்குப் பட்ட பாடு ஒன்று, குறைப்பதற்குப் பட்ட பாடு மற்றொன்று என்றாக, இரண்டையும் தாங்கிய அந்தத் தோலின் பொறுமை தனி ஆய்வுக்கு உரியது.

இன்றைய சோணைக்கு அவ்வளவு சுமையில்லை. எனினும் ஜிமிக்கியும் கல் வைத்த தோடும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் விடாது தொங்குகையில் துளை மூன்று நிலைகளைக் கடக்கிறது. முதல் நிலையில் அது புள்ளி. இரண்டாம் நிலையில் கோடு. மூன்றாம் நிலையில், பேரக் குழந்தையின் பிடியிலோ தலை துவட்டும் துண்டின் நூலிலோ தோடு சிக்கும் நாளில், பிளவு. இரண்டாம் நிலையில் இருப்போர் காதின் பின்புறம் பிளாஸ்திரி ஒட்டிச் சமாளிப்பது உண்டு. இவ்வகையில் பொறியியலார் கருத்திற்கொள்ளத்தக்க பழைய கருவி மாட்டல் ஆகும். தோட்டிலிருந்து புறப்பட்டுக் காதைச் சுற்றிக் கூந்தலில் கொக்கியிடப்படும் இச்சங்கிலி, சோணையின் பாரத்தில் ஒரு பகுதியைத் தலைமயிருக்கு மாற்றிவிடுகிறது. முதுமையில் முடியும் கொட்டத் தொடங்குவதால், பாரம் ஏற்க ஒப்புக்கொண்ட தரப்பு பாதியில் விலகிக்கொள்வதே இவ்வொப்பந்தத்தின் குறை.

ஆண்களின் சோணை இவ்வாய்வில் சிறிதே இடம் பெறும். கடுக்கன் அணிந்த தலைமுறை மறைந்தபின், சராசரித் தமிழ் ஆடவன் தன் சோணையைத் தொடுவது பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போடும்போது மட்டுமே. அதையும் மாற்றுக் கைகளால் தொடுவதால், வலது கைக்கு வலது காது இன்னும் அறிமுகமாகவில்லை.

சோணையின் குறுக்கே சாய்வாக ஓடும் மடிப்புக்கோட்டை 1973இல் ஃபிராங்க் என்னும் மருத்துவர் இதயத் தமனி நோயோடு தொடர்புபடுத்தி எழுதினார். ரோமப் பேரரசர் ஹாட்ரியனின் சிலைகளிலும் இக்கோடு இருப்பதைப் பின்னர் சிலர் சுட்டினர். வயதாலும் அக்கோடு தோன்றும் என்பதால் அதை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்வதற்கில்லை. இவ்வரிகளைப் படிக்கும் ஒருவர் அருகிலிருப்பவரின் காதை உற்றுநோக்கத் தொடங்கினால் அது தவிர்க்க முடியாததே.

பேணும் முறைகளுக்கு வருவோமாயின், அவை வியக்கத்தக்க அளவு எளியவை. முகத்துக்குப் பூசும் மஞ்சளும் களிம்பும் கன்னத்தின் எல்லையில் நின்றுவிடுகின்றன. எண்ணெய்க் குளியல் நாளில் காதுக்குள் ஊற்றப்படும் நல்லெண்ணெய் சோணையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஈரப்பதம் காக்கும் களிம்பையும், வெயிலில் செல்வோர் அதற்குரிய தடுப்புக் களிம்பையும் இரண்டு விரற்கடை நீட்டிப் பூசினால் போதுமானது. தோட்டின் பின்புறத் திருகாணியைச் சுற்றிப் படியும் சோப்புக் கசடையும் அழுக்கையும் கழுவித் துடைப்பது அவசியம். கவரிங் நகைகளில் கலந்திருக்கும் நிக்கல் சிலருக்கு ஒவ்வாமையைத் தூண்டி, துளையைச் சுற்றி அரிப்பையும் நீர்க்கசிவையும் உண்டாக்கும். அத்தகையோர் அந்நகையைக் கழற்றுவதே முதல் மருந்து. துளை தூர்ந்துவிடாதிருக்க வேப்பங்குச்சியையோ துடைப்பத்து ஈர்க்குச்சியையோ செருகிவைக்கும் மரபு இன்றும் நிலவுகிறது. இவற்றுள் முன்னது தாவரவியலின்பாற்பட்டது, பின்னது வீட்டைக் கூட்டுவதன்பாற்பட்டது. இரவில் கனத்த தோட்டைக் கழற்றிவைப்பது எல்லா மருத்துவரும் கூறும் அறிவுரை; கழற்றிய தோட்டை எங்கே வைத்தோம் என்று காலையில் தேடும் மனவுளைச்சல் கணக்கில் சேர்க்கப்படாமையால் அவ்வறிவுரை எடுபடுவதில்லை.

முழுதும் அறுந்த சோணையை, அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து, பிளவின் ஓரங்களைச் செதுக்கித் தைத்துவிடலாம். அறுவை சிறிது, வீடு திரும்புவதும் அன்றைக்கே. சில வாரங்களோ மாதங்களோ கழித்து, தையல் தழும்பை விட்டுச் சற்றுத் தள்ளிப் புதிதாகத் துளையிடுவர். மருத்துவம் இத்துடன் தன் கடமையை முடித்துக்கொள்ள, சமூகவியல் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அறுபத்தெட்டு வயதில் இரண்டாம் முறை காது குத்திக்கொள்ளும் பாட்டிக்கும் தாய்மாமன் மடி வேண்டுமா, தொண்ணூறைத் தொட்ட அத்தாய்மாமனின் முழங்கால் அதற்கு இணங்குமா, அவர் கொண்டுவர வேண்டிய சீர்வரிசை முதல் காதுகுத்திலேயே தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாமா என்னும் வினாக்களில் உறவினர் தரப்புகள் இன்னும் உடன்பாட்டுக்கு வரவில்லை.