நாவலுக்கு முந்திய ஏற்புரை

முப்பது நாளில் 50,000 சொற்கள், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,667 சொற்கள் எழுதி நாவலொன்றின் முதல் வரைவை முடிக்கும் விரதம், 1999இல் கிறிஸ் பேட்டி என்பவரால் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் யூலையில் தொடங்கப்பட்டு, மோசமான வானிலை எழுத்தாளரை வீட்டுக்குள் இருத்தும் என்ற நியாயத்தோடு மறு ஆண்டில் நவம்பருக்கு மாற்றப்பட்டது. வடகீழ்ப் பருவமழை கொட்டும் அதே நவம்பரில் யாழ்ப்பாணத்து எழுத்தாளரும் வீட்டுக்குள்தான் இருக்கிறார். ஆனால் மின்சாரம் சில வேளை இருப்பதில்லை.

நிர்வாகப் பதவி வகித்தபடியே நாவல்களை எழுதிக் குவித்த செங்கை ஆழியானுக்கு இத்தகைய விரதம் எதற்குத் தேவைப்பட்டிருக்கும்? ஏனையோருக்கு, ஊக்கம் குன்றாதிருக்கக் குடாநாட்டில் உகந்த வழி, முதல் அத்தியாயத்துக்கு முன்பே வெளியீட்டு விழா அழைப்பிதழை அச்சிட்டுவிடுவதாகும். தலைமையுரை, வாழ்த்துரை ஆகியவற்றோடு, நூலைப் படித்தவராகக் கருதப்படுபவர் ஆற்றும் நயப்புரையும், மண்டபம் பாதி கலைந்தபின் ஆசிரியர் ஆற்றும் ஏற்புரையும் அதில் இடம்பெறுவதால், பெயர் அச்சான பிரமுகர்களுக்கு அஞ்சியேனும் எழுத்து நகர்கிறது. நயப்புரையாளர் நூலை முழுதும் படித்தாக வேண்டுமென்ற விதி எங்கும் இல்லையாதலால், கடைசி இருபதாயிரம் சொற்கள் குறைந்தாலும் விழா தடைப்படுவதில்லை.