பிகினிக்காக ஒரு வெஸ்பா சவாரி

பெனிடோர்மில் முதல் கட்டுமான விதிமீறலைச் செய்தவன் ஓர் அரக்கன். பெயர் ரோல்தான். ஊருக்குப் பின்னால் 1,400 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் புச் கம்பானா மலையில் குடியிருந்தான். இன்றைய சூரியன் மறையும்போது உன் காதலியின் உயிரும் போய்விடும் என்று யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். பயல் யோசிக்கவே இல்லை. மலை முகட்டில் ஓங்கி ஒரு வெட்டு. பெரிய பாறைத் துண்டு ஒன்று பெயர்ந்து கடலில் போய் விழ, அந்த இடைவெளி வழியாக வெயில் இன்னும் சில நிமிடம் அவள் மேல் பட்டது. அப்புறம் சூரியன் மறைந்தது, அவளும் போய்ச் சேர்ந்தாள்.

மலையில் அந்தப் பள்ளம் இன்றும் இருக்கிறது. எதிரே கடலில் பெனிடோர்ம் தீவும் இருக்கிறது. நிலவியல் படித்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள், அவர்களுக்கு வேலை அது. கொஞ்சம் கூடுதல் வெயிலுக்காக நிலத்தை எப்படி வேண்டுமானாலும் வெட்டலாம் என்ற நகராட்சிக் கொள்கை அரக்கன் காலத்திலேயே நிறைவேறிவிட்டது என்பதுதான் நமக்கு முக்கியம்.

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அலிகாந்தே மாகாணத்தில் இருக்கிறது ஊர். வடக்கே மலைகள் வரிசையாக நின்று குளிர்காற்றை மறித்துக்கொள்கின்றன. தெற்கைப் பார்த்த விரிகுடா. நடுவில் ஒரு பாறை மேடு, அதன் கிழக்கே லெவாந்தே கடற்கரை, மேற்கே பொனியெந்தே கடற்கரை, இரண்டிலும் கிலோமீட்டர் கணக்கில் மணல். மழை பேருக்குப் பெய்யும். ஜனவரியில்கூட வெயில் காயலாம். விவசாயிக்குச் சாபமான இத்தனையும் ஓட்டல்காரருக்கு வரம். என்ன, ஊர் பிறந்த பிறகு ஓட்டல் என்ற சங்கதி வந்துசேரப் பல நூற்றாண்டுகள் ஆயின.

1325-இல் பெர்னாத் தெ சாரியா என்ற பிரபு கிறித்தவக் குடியேறிகளுக்குப் பட்டயம் கொடுத்து, இங்கே வந்து சுகமாக இருங்கள் என்றார். சுகத்துக்குக் குறுக்கே வந்தவர்கள் வட ஆப்பிரிக்கக் கடற்கொள்ளையர்கள். இவர்கள் கடல் வழியாக வந்தார்கள், இன்றைய சுற்றுலாப் பயணிகளைப்போல மொத்தமாகத்தான் வந்தார்கள், ஆனால் போகும்போது ஊர்க்காரர்களையும் சேர்த்து அடிமைச் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். கொள்ளையரைக் கண்காணிக்கப் பாறை மேட்டில் ஒரு கோட்டை கட்டினார்கள். கோட்டை போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது வெள்ளைக் கைப்பிடிச் சுவர் வைத்த முற்றம், பெயர் 'மத்தியதரைக் கடலின் பால்கனி'. எதிரி வருகிறானா என்று பயந்து பார்த்த திசையில் முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள்.

கொள்ளையர் தொல்லையில் காலியாகிப்போன ஊரை 1666-இல் பெயாத்ரிஸ் ஃபஹார்தோ என்ற சீமாட்டி மறுபடி பட்டயம் கொடுத்துக் குடியேற்றினார். கூடவே பாசனக் கால்வாயும் வெட்டிக் கொடுத்தார். ஆண் பிரபு வெறும் பட்டயத்தைக் கொடுத்தார், அம்மா தண்ணீரும் கொடுத்தார். ஊர் நிலைத்தது எப்போது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் பெனிடோர்ம்காரனின் மனசு வயலில் இல்லை, கடலில்தான் இருந்தது. அவன் பேர்போன தொழில் அல்மத்ராபா. வசந்த காலத்தில் சூரை மீன்கள் முட்டையிடக் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும். அவை வரும் வழியில் நங்கூரமிட்டுக் கடலுக்கு அடியில் வலையாலேயே சுவர், அறை, நடைபாதை எல்லாம் கட்டி வைப்பார்கள். மீன் தானாக உள்ளே நுழையும். ஒவ்வோர் அறையாகத் தாண்டிக் கடைசி அறைக்கு வந்த பிறகுதான் இது திரும்பும் வழி இல்லை என்று அதற்குப் புரியும். இந்த மாளிகையை நிர்மாணித்து நடத்துகிற தலைவனுக்கு அர்ராயெஸ் என்று பெயர். பெனிடோர்ம் அர்ராயெஸ்களுக்கு மத்தியதரைக் கடல் நெடுகக் கிராக்கி. வெளிநாட்டுக் கரைகளிலும் போய் வலை கட்டினார்கள்.

1950-களின் தொடக்கத்தில் சூரை வரத்து குறைந்து, ஊரின் அல்மத்ராபா மூடப்பட்டது. சுமார் 3,000 பேர் வாழ்ந்த ஊர். வலை கட்டத் தெரியும், விழ மீன் இல்லை. அந்த நேரம் பார்த்து மேயரானார் பெத்ரோ சரகோசா. முப்பதுகூட நிரம்பாத இளைஞர். யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, அது பிராங்கோவின் சர்வாதிகார ஸ்பெயின், மேலிடம் கை காட்டினால் மேயர். ஆள் மட்டும் பழுதில்லாத அர்ராயெஸ். வசந்த காலத்துச் சூரையைவிடக் கொழுத்த கூட்டம் ஒன்று வட ஐரோப்பாவில் குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பது அவர் கண்ணில் பட்டது.

அந்தக் கூட்டம் வந்தது. வந்து பிகினி போட்டது. வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

கடற்கரையில் உடம்பு எவ்வளவு தெரியலாம் என்பது அன்றைய ஸ்பெயினில் சிவில் காவலரும் பாதிரியாரும் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம். ஆண்களே மேல்சட்டையோடு உலாவ வேண்டிய காலம். சரகோசாவோ எங்கள் ஊரில் பிகினி போடலாம், அதைப் போட்டவரை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டார். பேராயர் தரப்பில் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கி வைக்கும் பேச்சு கிளம்பியது. சபையிலிருந்து விலக்கினால் பதவியும் காலி, மரியாதையும் காலி.

இனி வருவது சரகோசா பிற்காலத்தில் பேட்டிக்குப் பேட்டி சொன்ன கதை. அவர் 2008-இல் காலமாகும்வரை அலுக்காமல் சொன்னார், கேட்டவர்களுக்கும் அலுக்கவில்லை. ஒருநாள் விடியற்காலை தன் வெஸ்பா ஸ்கூட்டரைக் கிளப்பினார். அன்றைய சாலையில், மலைமேடு ஏறி இறங்கி, மாட்ரிட் வரை 400 கிலோமீட்டருக்கு மேல். மாட்ரிட்டில் சட்டையை மாற்றிக்கொண்டார், கால்சட்டையை மாற்றவில்லை. எண்ணெய்க் கறையோடு நேராகச் சர்வாதிகாரி முன்னால் போய் நின்று, ஐயா, பிகினி வேண்டும் என்றார்.

உள்நாட்டுப் போரில் வென்றவர், எதிராளிகளைச் சுட்டுத் தள்ளியவர், நாட்டில் எந்தப் புத்தகம் அச்சேறலாம் என்பதுவரை முடிவு செய்த அரசின் தலைவர். அவருக்கு முன்னால் இரண்டு துண்டுத் துணிக்காக ஒருவன் கிரீஸோடு நிற்கிறான். பிராங்கோவுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. ஏதாவது சிக்கல் என்றால் நேராக என்னிடம் வா என்றாராம். சில நாளில் பிராங்கோவின் மனைவி கார்மென் போலோவே பெனிடோர்முக்கு வந்து இறங்கினார். பேராயர் தரப்பு சத்தமில்லாமல் கோப்பை மூடியது. மேலிடத்து அம்மா வந்து தங்குகிற ஊரில் எது ஆபாசம், எது நாகரிகம் என்று எந்த ஏட்டய்யா போய்ச் சொல்வது?

கருணையால் நடந்ததில்லை இது. பிராங்கோவின் கஜானாவில் அந்நியச் செலாவணி வறண்டுகிடந்தது. 1959-இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, டாலருக்கு 60 என்று பெசெட்டாவின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரே நாளில் பிரிட்டிஷ் தொழிலாளியின் பையில் இருந்த பவுண்டுக்குச் சீமான் களை வந்துவிட்டது. அதே ஆண்டு ஊரில் பாட்டுப் போட்டி ஒன்றும் தொடங்கியது. இத்தாலியின் சான் ரெமோ விழாவைப் பார்த்து அடித்த காப்பி, ஆனால் நல்ல காப்பி. 1968 போட்டியில் ஜெயித்தவர், ரியால் மாட்ரிட் இளைஞர் அணியில் கோல்கீப்பராக இருந்து கார் விபத்தால் பந்தை விட்ட ஒருவர். பெயர் ஹூலியோ இக்லேசியாஸ். ஒரு மீனவக் கிராமத்துக்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடைக்காது.

கூட்டம் சேர்ந்தால் எங்கே படுக்க வைப்பது? 1956-லேயே ஊருக்கு நகரத் திட்டம் போட்டாயிற்று. அதில் இருந்தது தோட்டம் சூழ்ந்த அடக்கமான வீடுகள். 1963-இல் திருத்தினார்கள்: உயரத்துக்குக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் கட்டிடத்தைச் சுற்றி நிலத்தைக் காலியாக விட வேண்டும். ஊர் பக்கவாட்டில் பரவாமல் செங்குத்தாக முளைத்தது. மற்ற ஊர்ப் பணக்காரர்கள் இதைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்கள், இன்னும் சுளிக்கிறார்கள். எனக்கு அந்த மூக்குகள் மேல் நம்பிக்கை இல்லை. மலைச்சரிவு முழுக்க வில்லா கட்டி, ஆளுக்கொரு நீச்சல் குளம், ஆளுக்கொரு புல்தரை, பாலுக்கும் ரொட்டிக்கும் கார் என்று வாழ்வது அவர்கள்தான். இங்கே மாடியில் இருப்பவர் லிஃப்டில் இறங்கினால் நடந்தே கடலுக்குப் போகலாம். அசிங்கமாக இருக்கலாம், ஊதாரியாக இல்லை.

தண்ணீர் மட்டும் ஒருமுறை காலை வாரிவிட்டது. 1978 வறட்சியில் குழாய் வற்றி, கப்பலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கடலைக் காட்டிக் காசு பார்த்த ஊர், குளிக்கவும் குடிக்கவும் கடல் வழியே தண்ணீர் வருமா என்று காத்திருந்தது.

அதற்கெல்லாம் அசைகிற ஆட்களா? 2002-இல் 186 மீட்டர் உயரத்தில் கிரான் ஓட்டல் பாலி திறந்தது; சில ஆண்டுகள் ஸ்பெயினிலேயே உயரமான கட்டிடம். அதையும் மிஞ்ச இன்டெம்போ என்று 47 மாடிக் குடியிருப்பு எழுந்தது: இரண்டு கோபுரங்கள், உச்சியில் அவற்றை இணைக்கும் பொன்னிறக் கூம்பு. பாதியில் 2008 பொருளாதாரச் சரிவு வந்து கடன்காரர்கள் கையில் மாட்டியது. 2013-இல் உலகப் பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன: 47 மாடி கட்டிவிட்டு லிஃப்ட் வைக்க மறந்துவிட்டார்களாம்! சுத்தப் பொய். லிஃப்ட் திட்டத்திலேயே இருந்தது. ஆனாலும் யாரும் விசாரிக்கவில்லை. பெனிடோர்ம் என்றால் அப்படித்தான் செய்திருப்பார்கள் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. கட்டிடம் 2021-இல் ஒருவழியாக முடிந்தது, லிஃப்டோடு.

இந்த ஊர் குளிர்காலத்தில் ஓட்டலைப் பூட்டுவதில்லை. ஸ்பெயின் அரசு 1985-இல் தொடங்கிய முதியோர் விடுமுறைத் திட்டம் ஓய்வூதியக்காரர்களைப் பஸ் பஸ்ஸாகக் கொண்டுவந்து இறக்குகிறது. தாத்தாக்களும் பாட்டிகளும் மாலையில் கைகோத்து நடனமாட, அடுத்த தெருவில் காலையிலேயே பீரைத் தொடங்கிய பிரிட்டிஷ்காரர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பரில் ஊர்த் திருவிழா. 1740-இல் ஆளில்லாமல் மிதந்து வந்த கப்பல் ஒன்றில் கொள்ளைநோய் இருக்கும் என்று பயந்து அதைக் கொளுத்தினார்களாம். சாம்பலைக் கிளறினால் மாதா சிலை கருகாமல் கிடந்ததாம். அவளே ஊரின் காவல் தெய்வம். ஐந்து நாள் பூ, பட்டாசு, பவனி, கண்ணீர் என்று பக்தி பொங்கும். அது முடிந்த வியாழக்கிழமை ஊரை பிரிட்டிஷ்காரர்கள் எடுத்துக்கொள்கிறார்கள்: மாறுவேட நாள். பேட்மேன், வாழைப்பழம், கன்னியாஸ்திரீ உடையில் தொப்பையர்கள் என்று பல்லாயிரம் பேர் தெருவை அடைத்து நிற்பார்கள். இதுவரை எந்தப் பேராயரும் யாரையும் விலக்கி வைக்கவில்லை.