வாயால வித்த காணி

மருமோனே, காணி விக்கப் போறியாம். நல்லது. பொய் சொல்லாமல் எந்தத் தரகன் காணி வித்தவன்? நீயும் தாராளமாச் சொல்லு. ஆனா எந்தப் பொய் எண்டதை என்னட்டைக் கேட்டுக்கொண்டு போ.

"ராசியான காணி, பொன் விளையுற மண்" எண்டு எவ்வளவும் அள்ளி விடலாம். சந்தைப் புளுகெண்டு கோடு அதைக் கண்டுகொள்ளாது. "கிணறு வருசம் முழுக்க நல்ல தண்ணி" எண்டியோ, அங்கதான் பிடி. எங்கட சுண்ணாம்புக் கல்லுக்குள்ள மழைத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு கிடக்குது. மார்கழியில இனிக்கிற கிணறு ஆவணியில உவர்க்கும். உனக்குத் தெரியாதோ? தெரிஞ்சுதானே வேண்டுறவரைத் தை மாசம் பாத்து வரச் சொல்லியிருக்கிறாய், கெட்டிக்காரா!

"வாளியைப் போட்டுக் குடிச்சுப் பாத்திருக்கலாம்தானே" எண்டு வாதாடுவாய். 1881இல இங்கிலாந்தில ரெட்கிரேவ் எண்டொரு கிழட்டுச் சட்டத்தரணி, தன்ர தொழிலில வருசம் 300, 400 பவுண் வருமெண்டு சொல்லி, அதோட வீட்டையும் ஹேர்ட் எண்டவரின்ர தலையில கட்டப் பாத்தார். கடதாசியளையும் காட்டினவர். ஹேர்ட் புரட்டிப் பாக்கேல்லை. பாத்திருந்தால் குட்டு வெளிச்சிருக்கும். எண்டாலும் கோடு ஹேர்ட் பக்கம்தான் நிண்டது. எங்கட காணிக் கொடுக்கல் வாங்கலுக்கு ரோமன்-டச்சுச் சட்டம். பொய்யை நம்பி வேண்டினவன் உறுதியைத் தள்ளலாம் எண்டதில அதுவும் மாறிச் சொல்லாது.

இதில பகிடி என்னெண்டால், வாய்ப்பேச்சில காணி விக்கவே ஏலாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசு வேணும், ரெண்டு சாட்சி வேணும். பொய்க்கு மட்டும் நொத்தாரிசு தேவையில்லை. படலையில நிண்டு வெத்திலை துப்பிக்கொண்டு சொன்னாலும் செல்லும்.

"பங்கு வில்லங்கம் ஒண்டுமில்லை" எண்டும் சொல்லிப்போட்டியாம். எங்கட தேசவழமைச் சட்டத்தில பங்காளிக்குத்தான் முதல் உரிமை, தெரியுமோ? 1947இல அதுக்கெண்டே தனிச் சட்டம் போட்டவங்கள். பங்காளிக்கு அறிவிக்காமல் வெளியாளுக்கு விக்கேலாது.

சரி, உறுதியைக் கொண்டுவந்தனியே? விரி. கொம்மாவின்ர பேருக்குக் கீழ இன்னொரு பேர் கிடக்குது. என்ர கண்ணாடியைக் காணேல்லை. நீயே உரத்து வாசி பாப்பம்.